உவர் நிலத்தில் சூடோமோனாஸ்: வேதாரண்யம் பக்கத்து வயலிலிருந்து ஒரு மதிப்புரை

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வேதாரண்யத்தைச் சுற்றியுள்ள மணற்பாங்கான மேட்டு நிலங்களில் நிலக்கடலையும், அவற்றை அடுத்த தாழ்வான வயல்களில் சம்பா நெல்லும் பயிரிடுகிறோம். உவர்ப்பைச் சமாளிப்பதற்கென்று எங்கள் பகுதி உழவர்கள் இப்போது கேட்டு வாங்கும் பொருள்களில் ஒன்று, சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் பாக்டீரியாவை டால்க் மாவில் கலந்து பொட்டலமாக விற்கும் பொடியாகும். வேளாண் விரிவாக்க மையத்திலும் தனியார் உரக்கடைகளிலும் இது கிடைக்கிறது. நெல்லின் குலைநோயையும் நிலக்கடலையின் வேரழுகலையும் கட்டுப்படுத்துவதற்காக அறிமுகமான இந்தப் பொடி, உவர் நிலத்திலும் பயிரைத் தாங்கிப் பிடிக்கும் என்று சொல்லப்படுவதைக் கேட்டு, எங்கள் நிலத்தில் ஒரு பகுதிக்கு இட்டும் ஒரு பகுதிக்கு இடாமலும் வைத்து, கடலையிலும் நெல்லிலும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கும் காசுக்கு இது நல்ல பொருள்தான். ஆனால் பல கடைகளில் எந்தக் காரணத்தைச் சொல்லி இதை விற்கிறார்களோ, அந்தக் காரணத்துக்காக வாங்குகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

எங்கள் நிலத்தின் உவர்ப்பு ஒரே வழியில் வருவதன்று. கடல் அருகில் இருப்பதால் நிலத்தடி நீரிலேயே உப்பு உண்டு. பங்குனி, சித்திரை மாதங்களில் மேல்மண் காயும்போது அந்த நீர் மண்ணின் நுண்துளைகள் வழியாக மேலேறி, ஆவியாகி, உப்பை மட்டும் மேலே விட்டுச் செல்கிறது. அப்போது வரப்போரங்களில் வெள்ளைப் படலம் பூத்திருப்பதை யாரும் பார்க்கலாம். காவிரியின் கடைமடை என்பதால், உப்பைக் கழுவிக் கீழே இறக்கும் அளவுக்கு ஆற்றுநீர் எல்லா ஆண்டும் எங்களுக்கு வந்து சேர்வதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியிலும், 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலிலும் கடல்நீர் விளைநிலங்களுக்குள் புகுந்தது. இவற்றுக்கெல்லாம் நடுவே எங்களைக் காப்பாற்றி வருவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையே. அந்த மழையில் உப்பு கீழிறங்கும். மழை குறைந்த ஆண்டில் சம்பா நாற்று நட்ட சில நாளிலேயே இலை நுனி கருகத் தொடங்கிவிடும்.

இப்படிப்பட்ட நிலத்துக்காரரிடம் ஒரு கடைக்காரர், இந்தப் பொடியைப் போட்டால் மண்ணில் இருக்கும் உப்பைக் கிருமி தின்றுவிடும் என்று சொல்லும்போது, அதை நம்ப வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பே. அது உண்மையன்று. உவர்ப்புக்குக் காரணமான சோடியமும் குளோரைடும் சிதைந்து மறைந்துபோகும் பொருள்கள் அல்ல. வைக்கோலையும் சாணத்தையும் நுண்ணுயிர்கள் மக்கச் செய்வதைப்போலச் சோடியத்தை எந்த நுண்ணுயிரும் இல்லாமல் ஆக்கிவிட முடியாது. மண்ணில் சேர்ந்த உப்பு, நல்ல தண்ணீரில் கரைந்து வேர் மண்டலத்துக்குக் கீழே இறங்கினால்தான், அல்லது வடிகால் வழியே வெளியேறினால்தான் குறையும். ஆகவே பொடி இட்ட வயலிலும் இடாத வயலிலும் அறுவடைக்குப் பிறகு மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தால், உப்பின் அளவில் வேறுபாட்டை எதிர்பார்க்கக் கூடாது. வேறுபாடு செடிக்குள்தான் இருக்கிறது. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் இந்தப் பொருளின் மதிப்பும் புரியும், எல்லையும் புரியும்.

உப்பு மிகுந்த மண்ணில் செடி இரண்டு வகையில் வதைபடுகிறது. முதலாவது, மண்ணீரில் உப்பு கூடக்கூட வேரால் நீரை உறிஞ்ச முடியாமல் போவது. வயலில் ஈரம் இருந்தும் செடி வாடி நிற்பதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது, பொட்டாசியம் போக வேண்டிய வழியில் சோடியமும் உள்ளே புகுந்து, இலைகளில் மெல்லமெல்லச் சேர்ந்து, முதிர்ந்த இலையிலிருந்து தொடங்கி நுனியையும் ஓரத்தையும் கருகச் செய்வது. இந்த நெருக்கடியை உணர்ந்த செடி, தன் திசுக்களில் ஏ.சி.சி. என்ற பொருளை அதிகமாக உண்டாக்கி, அதிலிருந்து எத்திலீன் வாயுவை உற்பத்தி செய்கிறது. மாங்காயையும் வாழைக்காயையும் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான் இது. இளஞ்செடியின் வேரில் அது அளவுக்கு மிஞ்சும்போது வேர் நீள்வது நின்றுபோகிறது, இலைகள் காலத்துக்கு முன்பே முதிர்கின்றன. நீரைத் தேடி வேர் ஆழமாகப் போக வேண்டிய நேரத்தில், செடியே தன் வேரின் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது.

வேரைச் சுற்றி வாழும் சில பாக்டீரியாக்களிடம் ஏ.சி.சி. டிஅமினேஸ் என்ற நொதி இருக்கிறது. வேரிலிருந்து கசியும் ஏ.சி.சி.யை அவை இந்த நொதியால் உடைத்து, அதில் கிடைக்கும் அம்மோனியாவைத் தமக்குத் தழைச்சத்தாக எடுத்துக்கொள்கின்றன. வெளியே இருப்பது குறையக் குறைய வேருக்குள் இருக்கும் ஏ.சி.சி.யும் கசிந்து வெளியேறுகிறது, அதனால் எத்திலீன் கட்டுக்குள் இருக்கிறது, வேர் தொடர்ந்து நீள்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கிளிக் தலைமையிலான குழு 1998இல் இந்த விளக்கத்தை முன்வைத்தது. எங்களுக்கு மிக நெருக்கமான சான்று கோயம்புத்தூரிலிருந்தே வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சரவணகுமாரும் சாமியப்பனும் நிலக்கடலையில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.சி.சி. டிஅமினேஸ் உள்ள டி.டி.கே.1 என்ற சூடோமோனாஸ் புளோரசன்ஸ் ரகம், அந்த நொதி இல்லாத மற்ற சூடோமோனாஸ் ரகங்களைவிடக் கடலைச் செடியின் உவர் தாங்கும் திறனையும் விளைச்சலையும் கூட்டியது.

பொட்டலம் வாங்குகிறவர் அந்த ஆய்விலிருந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாக்டீரியாவின் பெயர் ஒன்றாக இருப்பதால் அதன் வேலையும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நெல்லில் ஆடுதுறை ரகமும் திருச்சி ரகமும் உவர் நிலத்தில் ஒரே மாதிரி விளைவதில்லை என்பது நமக்குத் தெரியும். சூடோமோனாஸ் புளோரசன்ஸிலும் ரகத்துக்கு ரகம் குணம் மாறுகிறது. நோய்க் கட்டுப்பாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம் உவர்ப்பைத் தாங்குவதிலும் அதே அளவு உதவும் என்பதற்கு உறுதியில்லை. நல்ல பொட்டலத்தில் ரகத்தின் பெயரோ எண்ணோ அச்சிடப்பட்டிருக்கும். அது இல்லாமல், உவர் நிலத்துக்கு ஏற்றது என்று பெரிய எழுத்தில் மட்டும் போட்டிருக்கும் பொட்டலத்தை நான் வாங்குவதில்லை.

எத்திலீனைக் கட்டுப்படுத்துவது ஒன்றே இந்த நுண்ணுயிர்களின் வேலையன்று. இவற்றில் பல, வேர் கிளைப்பதைத் தூண்டும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கின்றன. சில, பிசுபிசுப்பான ஒரு பசையைச் சுரந்து வேரைச் சுற்றி மண் துகள்களை ஒட்டவைக்கின்றன. அந்தப் பசை சோடியத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதோடு, மணற்பாங்கான நிலத்தில் வேரருகே ஈரத்தையும் நிறுத்துகிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற வேறொரு பாக்டீரியா இனத்தின் ஜி.பி.03 என்ற ரகம் வெளிவிடும் வாயுக்களே, செடியின் வேரில் சோடியத்தை உள்ளே விடும் மரபணுவின் வேலையைக் குறைக்கின்றன என்பதையும் ஆய்வாளர்கள் 2008இல் காட்டியிருக்கிறார்கள்.

பயன்படுத்தும் முறை எளிது, ஆனால் கவனம் வேண்டும். நிலக்கடலைக்கு ஒரு கிலோ விதைக்குப் பத்து கிராம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு ஐம்பது கிலோ விதைப்பருப்பு என்றால் அரைக் கிலோ பொடி போதும். ஆறிய வடிகஞ்சியில் பொடியைக் குழைத்துப் பருப்பின்மேல் தெளித்துப் புரட்ட வேண்டும். கடலைப் பருப்பின் தோல் மெல்லியது. கஞ்சி சற்று அதிகமானாலும் தோல் ஊறிச் சுருங்கி, புரட்டும்போதே கையோடு உரிந்து வந்துவிடும். தோல் உரிந்த பருப்பு மண்ணில் அழுகும். எனவே கஞ்சியைக் கையில் தொட்டுத் தெளிக்கும் அளவுக்கே எடுத்துக்கொண்டு, சாக்கை விரித்து, அதன்மேல் பருப்பைப் பரப்பி, சாக்கின் இரு முனைகளையும் பிடித்து உருட்டினால் தோல் போகாமல் ஒவ்வொரு பருப்பிலும் சாம்பல் பூசியதுபோல் பொடி ஏறிவிடும். பிறகு நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி உடனே விதைத்துவிட வேண்டும். வெயிலில் காயவைப்பது பாக்டீரியாவைக் கொல்வதற்குச் சமம். இரசாயனப் பூசணக்கொல்லியால் விதை நேர்த்தி செய்யும் வழக்கம் உள்ளவர்கள் அதை முதலில் முடித்து, ஒரு நாள் இடைவெளி விட்டே உயிர்ப்பொருளைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே கஞ்சியில் குழைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் வாங்கிய பொட்டலம் வீண்.

நெல்லுக்கு முறை வேறு. விதையை ஊறவைக்கும் தண்ணீரிலேயே கிலோவுக்குப் பத்து கிராம் வீதம் கரைத்து இரவு முழுவதும் ஊறவிடலாம். நாற்றைப் பறித்த பிறகு, வயலின் ஒரு மூலையில் சிறிய பாத்தி கட்டி, விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஏக்கருக்கு ஒரு கிலோ வீதம் பொடியைக் கரைத்து, நாற்று முடிகளின் வேரை அதில் அரைமணி நேரம் நனைத்து நடலாம். நட்ட முப்பதாம் நாளில் இன்னொரு கிலோவைத் தொழு உரத்தில் கலந்து தூவலாம். இவற்றில் உவர் நிலத்துக்கு மிகவும் பயன்தருவது வேர் நனைத்தல்தான் என்பது என் கருத்து. நெல்லுக்கு உப்பு மிகவும் உறைப்பது நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான். நடவின்போது அறுபட்ட வேர் புதிதாகக் கிளம்பும் நாட்களில், பாக்டீரியா ஏற்கெனவே வேரில் குடியேறியிருப்பது பெரிய உதவி.

கடலையில் நான் கண்டதைச் சொல்கிறேன். முளைத்துவரும்போதே வேறுபாடு தெரிந்தது. பொடி இட்ட பகுதியில் சந்து விழாமல் பயிர் சீராக எழுந்தது. இடாத பகுதியில், குறிப்பாக உப்புப் பூக்கும் பள்ளமான இடங்களில், முளைத்த செடிகளில் சில முதல் இலையோடு நின்றுபோயின. பூக்கும் தருணத்தில் இரு பகுதிகளிலும் ஒரே மட்டத்தில் இருந்த இடங்களில் செடிகளை மண்வெட்டியால் ஆழமாக நெம்பி எடுத்து, உதறாமல் அருகருகே கிடத்திப் பார்த்தேன். பொடி இட்ட செடியின் ஆணிவேர் நீண்டிருந்தது. பக்க வேர்களைச் சுற்றி மணல் ஓர் உறைபோல் ஒட்டிக்கொண்டு வந்தது, இலேசாகத் தட்டினாலும் உதிரவில்லை. இடாத செடியில் மணல் பொலபொலவென்று உதிர்ந்து வேர் வெறுமையாக நின்றது. வேர் முடிச்சுகளும் முதற்செடியில் நிறைய இருந்தன. ஒரு முடிச்சை நகத்தால் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது, அதாவது முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா உயிரோடு இருந்து தழைச்சத்தை நிலைநிறுத்திக்கொண்டிருந்தது. முடிச்சு உருவாகும் கட்டமே உப்பினால் எளிதில் கெடக்கூடியது என்பதால், அந்த நிறத்தைப் பார்த்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அறுவடையில் பொடி இட்ட பகுதியில் பொக்குக் காய்கள் குறைவாக இருந்தன, மொத்த எடையும் கூடுதலாக இருந்தது. இது ஒரு தனி உழவரின் வயலில் கண்டதே தவிர ஆய்வு அன்று. அதனால் எண்ணைச் சொல்லி யாரையும் நம்பவைக்க நான் விரும்பவில்லை.

நெல்லில் பலன் இவ்வளவு கண்ணுக்குத் தெரியவில்லை. நட்ட பிறகு நாற்று பச்சை பிடிப்பது விரைந்தது, இலை நுனி கருகலும் குறைந்தது. ஆனால் மழை நன்றாகப் பெய்து உப்பைக் கழுவிவிட்ட பருவத்தில், தூர் கட்டும் நேரத்துக்கு இரண்டு பகுதிகளும் ஒன்றுபோலவே ஆகிவிட்டன. மழை ஏமாற்றிய பருவத்தில்தான் வேறுபாடு அறுவடை வரை நின்றது. நெருக்கடி இல்லாத இடத்தில் நெருக்கடியைத் தணிக்கும் பொருளுக்கு வேலை குறைவு என்பதால் இதில் வியப்பில்லை.

எல்லையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மண்ணின் உப்பை மின்கடத்து திறனாக அளக்கிறார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் பயன்படுத்தும் அளவீட்டின்படி, நிறைவுற்ற மண்சாற்றில் (மண் முழுதும் ஊறும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுப் பிரித்தெடுக்கும் சாற்றில்) இந்த அளவு மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டினால் நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கி, அதன்மேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 விழுக்காடு இறங்குகிறது. நிலக்கடலை 3.2 வரை தாங்கும், அதைத் தாண்டினால் ஒவ்வோர் அலகுக்கும் 29 விழுக்காடு சரிகிறது. அதாவது 5 என்ற அளவை எட்டும்போதே கடலையில் பாதி போய்விடும். இப்படிச் செங்குத்தாகச் சரியும் பயிரை எந்தப் பாக்டீரியாவும் நெடுந்தூரம் தாங்கிப் பிடிக்க முடியாது. எல்லைக்கோட்டை ஒட்டியோ சற்றே தாண்டியோ இருக்கும் நிலத்தில்தான் இந்தப் பொடி காசுக்கு ஏற்ற பலன் தருகிறது. எங்கள் வயலிலேயே, வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் ஒரு மூலையில் பொடி இட்டும் இடாமலும் கடலை ஒரே மாதிரி பட்டுப்போனது.

மண் பரிசோதனை அட்டையைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். நம் பரிசோதனை நிலையங்களில் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்த கரைசலில்தான் மின்கடத்து திறனை அளக்கிறார்கள். தண்ணீர் அதிகம் சேர்வதால் அந்த எண், நிறைவுற்ற சாற்றின் எண்ணைவிடக் குறைவாகவே வரும். அட்டையில் 1.5 என்று இருப்பதைப் பார்த்து, 3 என்ற எல்லைக்கு நாம் வெகுதொலைவில் இருக்கிறோம் என்று நினைத்துவிடக் கூடாது. அட்டையில் 1 என்ற அளவைத் தாண்டினாலே முளைப்பு பாதிக்கப்படலாம்.

உவர் நிலத்தையும் களர் நிலத்தையும் ஒன்றாக எண்ணி இந்தப் பொடியை வாங்குகிறவர்களும் உண்டு. களரில் சிக்கல் வேறு. அங்கே கரையும் உப்பைவிட, களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்ட சோடியமே தொல்லை. கார அமில நிலை 8.5ஐத் தாண்டும், மண் இறுகிப்போகும், தண்ணீர் உள்ளே இறங்காமல் கலங்கி நிற்கும். கர்னாலில் 1969இல் தொடங்கப்பட்ட மத்திய உவர் நில ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில், தமிழ்நாட்டில் களர் நிலம் மூன்றரை லட்சம் எக்டேருக்கும் மேல், கடலோர உவர் நிலம் சுமார் 13,000 எக்டேர். திருச்சி, மணப்பாறை பக்கத்து உழவர்கள் களருக்கு ஜிப்சம் இட்டு, தண்ணீர் நிறுத்தி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுத பிறகே நுண்ணுயிரைப் பற்றி யோசிக்க வேண்டும். களர் நிலத்துக்கென்றே அந்த நிறுவனத்தின் லக்னோ நிலையம் உருவாக்கிய சி.எஸ்.ஆர். பயோ என்ற கலவை உண்டு. அதில் பேசில்லஸ் பாக்டீரியாக்களோடு டிரைக்கோடெர்மா பூஞ்சையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எங்கள் நிலம் களர் அன்று என்பதால் அதை நான் பயன்படுத்தவில்லை, ஆகவே அதற்கு மதிப்புரை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இந்தப் பொருளில் எனக்குள்ள பெரிய குறை அதன் ஆயுள்தான். சூடோமோனாஸ் வித்து உருவாக்காத பாக்டீரியா. பேசில்லஸ் இனங்கள் வெப்பமும் வறட்சியும் வந்தால் தடித்த உறையுள்ள வித்தாக மாறி நெடுநாள் உறங்கிக் கிடக்கும். சூடோமோனாஸுக்கு அந்த வசதி இல்லை. டால்க் மாவில் கலந்த நாளிலிருந்தே அதன் எண்ணிக்கை குறைந்துகொண்டு வரும். சுமார் நான்கு மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்று பரிந்துரைப்பது இதனால்தான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கிவைத்த பொட்டலத்துக்கு அந்த நான்கு மாதமும் கிடைக்காது. கண்ணால் பார்த்து உயிருள்ள பொடியையும் உயிரற்ற பொடியையும் பிரித்தறிய வழியே இல்லை. இரண்டும் ஒரே வெள்ளை மாவு.

ஒரு தனியார் கடையில், உவர் நிலத்துக்கான கூட்டு நுண்ணுயிர்த் திரவம் என்று விற்ற ஒரு புட்டியை வாங்கிய அனுபவத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். விலை, பொடியைப்போலப் பல மடங்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான், காலாவதித் தேதியின்மேல் இன்னொரு தாள் ஒட்டப்பட்டிருந்தது தெரிந்தது. மூடியைத் திறந்ததும் காற்று சீறி வெளியேறியது, அழுகிய முட்டையின் நாற்றம் வந்தது. உள்ளே இருந்திருக்க வேண்டிய நுண்ணுயிரை வேறு ஏதோ ஒன்று மிஞ்சி வளர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே போதுமான அடையாளம். திருப்பிக் கொடுக்கப் போனபோது, பால் புளித்தால் தயிர்தானே, அப்படித்தான் இதுவும் என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். உயிர் உரத்துக்கு நம் நாட்டில் சட்டப்படியான தரம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006 முதல் உயிர் உரங்களும் சேர்க்கப்பட்டு, அசோஸ்பைரில்லம், ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா போன்றவற்றில் பொடியானால் கிராமுக்குக் குறைந்தது ஐந்து கோடி, திரவமானால் மில்லி லிட்டருக்குக் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. சூடோமோனாஸ் பயிர்ப் பாதுகாப்புப் பொருளாகப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்படுகிறது, அந்தப் பதிவு எண் பொட்டலத்தில் இருக்க வேண்டும். சலுகை விலையைப் பார்க்கும் முன் உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, உரிம எண் அல்லது பதிவு எண், செல் எண்ணிக்கை ஆகியவற்றைக் கடையிலேயே நின்று படித்துவிடுங்கள். கேட்டால் கோபப்படும் கடையில் வாங்காதீர்கள்.

இதே தேடலில் எங்களுக்கு அருகிலேயே கிடைத்த ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டில், கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றிலேயே ஒரு காட்டு நெல் இனம் வளர்கிறது. அதனோடு சேர்ந்து வாழும், உப்பைத் தாங்கித் தழைச்சத்தையும் நிலைநிறுத்தும் ஒரு புதிய பாக்டீரியாவை, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லோகநாதனும் சுதா நாயரும் 2004இல் உலகுக்கு அறிவித்தார்கள். சுவாமிநாதனின் பெயரையே தாங்கிய அந்த நுண்ணுயிரைக் கடைப் பொட்டலமாக நான் இதுவரை பார்த்ததில்லை. டால்க் மாவில் அடைத்து வெகுதொலைவிலிருந்து வரும் ரகங்களைவிட, நம் கடற்கரைச் சேற்றிலேயே உப்போடு பழகி வாழும் ரகங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி, அந்தந்தப் பகுதி விரிவாக்க மையங்கள் வழியாக விதைப்புக்கு ஒரு மாதம் முன்பாகப் புதிதாகத் தருவார்களானால், இந்தத் தொழில்நுட்பம் கடைமடை உழவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்ட டி.டி.கே.1 போன்ற ரகங்களை உழவர் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் நிலையும் வர வேண்டும். கேட்க வேண்டியது நம் உரிமை.

செலவு பெரிதன்று. விரிவாக்க மையத்தில் வாங்கினால், ஏக்கர் கடலைக்கு ஆகும் மொத்தச் சாகுபடிச் செலவில் இது கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு தொகை. செலவு குறைவு என்பதற்காகவே இதை முதலில் வாங்கிவிட்டு, மற்றவற்றைத் தள்ளிப்போடும் பழக்கம்தான் கவலை தருகிறது. வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடக்கும் வயலில் எந்தப் பொட்டலமும் வேலை செய்யாது. முதலில் வடிகாலை வெட்டி, வரப்பை உயர்த்தி, ஐப்பசி மழைநீரை வயலில் நிறுத்தி வடிக்க வேண்டும். தக்கைப்பூண்டோ தொழு உரமோ இட்டு மண்ணில் மக்கு சேர்க்க வேண்டும், அது இல்லாத மண்ணில் பாக்டீரியாவுக்கும் உணவில்லை. ரகத் தேர்வும் முக்கியம். நெல்லில் திருச்சி 1, திருச்சி 3 போன்ற ரகங்களும், நம் பாட்டன்மார் கடலோரத்தில் பயிரிட்ட குழியடிச்சான், களர்பாலை போன்ற மரபு ரகங்களும் உப்பைத் தாமே ஓரளவு தாங்குகின்றன. கடலைக்கு நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுவது பொதுப் பரிந்துரை. அதன் சுண்ணாம்புச் சத்து காய் திரள உதவுவதோடு வேரருகே சோடியத்தின் ஆதிக்கத்தையும் குறைக்கும். இத்தனையும் செய்த வயலில், இவற்றுக்கு மேலாக, இந்தப் பொடி தன் பங்கைச் செய்கிறது.

ஆகவே மண் பரிசோதனையில் மிதமான உவர் என்று வந்திருப்பவர்கள், மணற்பாங்கான நிலத்தில் கடலையோ மிளகாயோ போடுகிறவர்கள், மழையை நம்பி நடுகிறவர்கள் இதை வாங்கலாம். களர் நிலத்துக்காரர்கள் ஜிப்சத்துக்குப் பிறகு வாங்கலாம். உப்புப் பூத்துப் புல்லும் முளைக்காத திடலில் போடுவதற்காக யாரும் வாங்க வேண்டாம். நான் வரும் தைப் பட்டத்துக்கும் கடலைக்கு இதையே இடப்போகிறேன். மார்கழியில் உற்பத்தியான பொட்டலமாகப் பார்த்து, விரிவாக்க மையத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்கி, விதைக்கும் நாள் வரை மண்பானைக்கு அருகில் குளிர்ந்த மூலையில் வைப்பேன். நெல்லுக்கு விதை ஊறவைப்பதை விட்டுவிட்டு வேர் நனைத்தலை மட்டும் செய்யலாம் என்றிருக்கிறேன், ஏனெனில் பலனில் பெரும்பகுதி அங்கேதான் கிடைத்தது. பள்ளமான அந்த மூலையில் மட்டும் கடலையை நிறுத்திவிட்டுத் தக்கைப்பூண்டு விதைப்பதாக உத்தேசம்.